முதுகால் கேட்கிறவர்

வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்துகிறார் சின்னப்பையன். முழங்கால்கள் அகன்றிருக்கின்றன. கைகள் இரண்டும் பின்பக்கமாக வளைந்து, உள்ளங்கைகள் விரிந்து காத்திருக்கின்றன. குளித்த ஈரம் பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியே இறங்குகிறது. "ஏறும்மா," என்கிறார், திரும்பிப் பார்க்காமலே. "பயப்படாத. மெதுவா ஏறு. நான் எங்கியும் ஓடமாட்டேன்."

உள்ளேயிருந்து வருகிறவருக்கு நடக்க முடியாது. அது பிரசவத்துக்குப் பின் இடுப்பு விழுந்துபோன பெண்ணாக இருக்கலாம். பனையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்த மனிதனாக இருக்கலாம். யாராவது கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அந்த முதுகில் சாய்க்கிறார்கள். பழஞ்சேலை ஒன்றை அவர்களுடைய தொடைக்கு அடியில் கொடுத்துத் தம் மார்பில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். தொண்டையிலிருந்து 'ஹும்' என்று ஒரு சத்தம். எழுந்துவிட்டார். இனி போய்ச் சேர்கிற இடம் வரையில் அவர் யாரோடும் பேசமாட்டார். எதிரில் வருகிறவன் சொந்த மைத்துனனாக இருந்தாலும் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவார்.

பெயர்தான் சின்னப்பையன். மேனாம்பேட்டுச் சேரியில் அவர் குனியாமல் நுழையக்கூடிய வாசல் ஒன்றுகூடக் கிடையாது. கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பது சிரமம். நாற்பதைத் தாண்டிய ஆள். ஊரில் குழந்தைகள்கூட அவரை 'அவன்' என்றுதான் சொல்லும். நானும் முன்பெல்லாம் அப்படித்தான் சொன்னேன். இப்போது வாய் வருவதில்லை.

அவருடைய விரல் ரேகைகளுக்குள் கரித்தூள் குடியிருக்கிறது. எத்தனை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பச்சை குத்தியது போல உள்ளே இறங்கிவிட்டது. பட்டணத்தில் ரயில் எஞ்சின் கொட்டகையில் கரி ஏற்றிக்கொண்டிருந்தவர். கூடையில் கரியை வாரி, முதுகில் சாய்த்து, பலகைமேல் ஏறி, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் கவிழ்ப்பது வேலை. மீசை முளைக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர், தலை நரைக்கும் வரையில் அதையே செய்தார்.

நான் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். தினம் ரயிலேறிப் பட்டணத்துக்கு ஆபீஸ் போகிறவன். ஒருநாள் காலையில் ரயில் ஜன்னல் வழியாக, வயல் வரப்பின்மேல் இரண்டு தலையுள்ள ஒரு மனிதன் போவதைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். கீழே ஒரு பெரிய தலை, அதன் தோளோரமாக ஒரு சின்னத் தலை. சின்னத் தலை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. பெரிய தலை கேட்டுக்கொண்டே நடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பிறகு போகாத ஞாயிற்றுக்கிழமை குறைவு.

உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துவிட்டது என்று பத்திரிகைகளில் எழுதினார்களே, அந்தச் சமயத்தில் அவருடைய வேலை போயிற்று. சரக்கு இல்லை, அதனால் வண்டிகள் குறைந்தன. வண்டிகள் குறைந்ததால் கரி குறைந்தது. கரி குறைந்ததால் ஆள் எதற்கு?

"பேர் கூப்ட்டாங்க சாமி," என்று அந்த நாளைப் பற்றி அவர் சொன்னார். "கூப்ட்ட பேரெல்லாம் அந்தாண்ட நில்லுன்னான் மேஸ்திரி. பேர் கூப்ட்டா வேல கீதுன்னு நெனச்சுக்கினு நான் சிரிச்சுக்கினே போய் நின்னேன். கூப்ட்ட ஆளுங்கதான் ஊட்டுக்குப் போவணும்னு அப்பறம் சொன்னான். சிரிச்ச வாய மூடறதுக்குக்கூட எனிக்குத் தெரில."

மறுநாளும் விடியலில் எழுந்தார். தொழிலாளர்கள் போகும் வண்டி வரும் நேரத்துக்கு ரயில்வே கேட்டுக்குப் போய் நின்றார். வண்டி வந்தது, போயிற்று. அடுத்த நாளும் போனார். ஜன்னலிலிருந்து தெரிந்தவர்கள் கையை ஆட்டினார்கள். சில வாரங்களில் அதையும் நிறுத்திக்கொண்டார்கள். மழை பொய்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வயலில் வேலை இல்லை. செங்கல் சூளையில் பெண்களுக்குக் கூலி குறைவு என்று பெண்களை மட்டுமே வைத்துக்கொண்டார்கள். மனைவி கெங்கம்மாள் சூளைக்குப் போய்ச் சம்பாதித்த கேழ்வரகில் குடும்பம் நடந்தது. சின்னப்பையன் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. குடிசையில் ஒரு ஆட்டுக்கல் இருந்தது. அதைத் தூக்கி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வைப்பார். சற்று நேரம் கழித்து அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்குக் கொண்டுவருவார். கெங்கம்மாள் சூளையிலிருந்து வந்து கல்லைத் தேடுவாள். "அது ஒன்ன இன்னா பண்ணிச்சி? அத்த ஒரு எடத்துல இருக்க வுடமாட்டியா?" என்று சத்தம் போடுவாள்.

"முதுவு கேக்குதுடி," என்பார். வேறொன்றும் சொல்லத் தெரியாது.

ஒருநாள் சவுக்குத் தோப்புக் கிணற்றில் போய் எட்டிப் பார்த்தாராம். "இம்மாம் பெரிய ஒடம்ப எதுக்குக் குடுத்த, யாருக்குன்னு குடுத்தன்னு கேட்டேன். யாரக் கேட்டேன்னு இன்னிக்கும் தெரில. கெணத்துல என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. அதுகிட்ட பதில் இல்ல. திரும்பி வந்துட்டேன்." இதைச் சொன்னபோது வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

பதில் வந்தது வேம்புலியம்மாள் வழியாக.

வேம்புலியம்மாள் அதே சேரியில் மூன்று குடிசை தள்ளியிருந்த பெண். ஏதோ விஷ ஜுரத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போய்விட்டன. வருஷக்கணக்காக வாசலைத் தாண்டியதில்லை. அவளுடைய தாய்வீடு ஆவடிக்கு அந்தப் பக்கம் கோவில்பதாகையில். ஒருநாள் காலையில் அவள் தாயார் இறந்துபோனதாக ஆள் வந்து சொன்னான். புருஷனும் அவனைச் சேர்ந்தவர்களும் உடனே கிளம்பிவிட்டார்கள். "நீ அங்க வந்து இன்னா பண்ணப்போற? இங்கியே அழு," என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

கேட்டிலிருந்து திரும்பிய சின்னப்பையன் பார்த்தபோது, அவள் இரண்டு கைகளாலும் தன் கால்களை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். யாரையோ அடிப்பது போல. "எழுந்துருங்கடி, எழுந்துருங்கடி" என்று கால்களைத் திட்டிக்கொண்டே அடித்தாள்.

அவர் யோசிக்கவில்லை. கரிக்கூடையை வாங்கத் திரும்புவது போலவே உடம்பு தானாகத் திரும்பிக் குந்திற்று. "ஏறு தங்கச்சி."

அவள் கை அப்படியே நின்றது. "ஊரு இன்னா சொல்லும்ணா?"

"ஊரு சொல்றத அப்பால கேட்டுக்கலாம். ஆத்தா காத்துக்கினு இருக்காது. ஏறு."

பாடை தூக்குகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கூட்டம் விலகிற்று. பாடைக்குப் பக்கவாட்டில் தாழக் குந்தி, அவள் கை அம்மாவின் கன்னத்தில் படும் வரையில் அவர் உடம்பைச் சாய்த்துக்கொண்டே போனாராம். பட்டது. அவள் தடவினாள். தடவி முடிக்கும் வரையில் அதே கோணலில் இருந்தார்.

"எத்தினி வருசம் கரி தூக்கினேன் சாமி! எஞ்சினு எஞ்சினா ஏத்தினேன். ஒரு கூட கரி என் கழுத்துல அழுதுதா? இந்தப் பொண்ணு போசொல்லவும் அழுதுது, வரசொல்லவும் அழுதுது. கண்ணீரு பிடரில எறங்கி நெஞ்சுக்கு வந்துது. சூடா கீது. அடேய், இதுக்குத்தான்டா குடுத்தேன்னு யாரோ சொன்னமாரி இருந்துது." பிறகு சேர்த்துக்கொண்டார்: "அன்னிக்கி நல்லாத் தூங்கினேன்."

அதற்குப் பிறகு அந்த ஆட்டுக்கல் நகரவே இல்லை என்று கெங்கம்மாள் சொன்னாள்.

ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மகள் வீட்டு வளைகாப்பைப் பார்க்க ஒருத்தி. கோயிலில் விளக்குப் போட ஒருத்தி. கூத்துப் பார்க்க ஒருவர்; கட்டியங்காரன் சிரிக்கவைத்ததில் அவர் சின்னப்பையனின் முதுகிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாராம். ஒரு முடவர், ஒன்றும் வேண்டாம், தான் உழுத நிலத்தில் கொஞ்ச நேரம் உட்காரவேண்டும், அவ்வளவுதான் என்றார். அங்கே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, அவர் போதும் என்று சொல்லும் வரையில் தூரத்தில் போய் நின்றார்.

ஒரு நாளைக்கு ஒருவர்தான். எந்த வியாதி, எப்படி வந்தது என்று கேட்கமாட்டார். "எந்தப் பக்கம் வலிக்குது?" என்று மட்டும் கேட்பார். திரும்பி வரும்போது முதுகு காலியாக இருக்குமானால், வழியில் கிடக்கும் முள்ளையும் ஓட்டுச் சில்லையும் பொறுக்கி ஓரமாக எறிந்துகொண்டே வருவார். "நான் இடறினா எனிக்கு ஒண்ணும் இல்ல. மேல கீறவங்க இல்ல கொலுங்குவாங்க?"

கூலி வாங்கமாட்டார். கொடுத்தால் கோபம் வராது, கூச்சம்தான் வரும். கூழ் கொடுத்தால் குடிப்பார். இதைப் பற்றி அவரிடம் நான் வாதாடியிருக்கிறேன். உழைப்புக்குக் கூலி கேட்பதில் என்ன தப்பு? வேலையில்லாத மனுஷன், வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

"தப்பு இல்ல சாமி. அரிசி மண்டில மூட்ட தூக்கக் கூப்டறாங்க, போறேன். கெணறு தூர்வாரக் கூப்டறாங்க, போறேன். கூலி வாங்கி அவகிட்ட குடுக்கறேன். நாளிக்கே எஞ்சினு கொட்டாயில கூப்ட்டாலும் ஓடுவேன். வயிறு கீது இல்ல? ஆனா இதுக்குக் கூலி வாங்கினா இதுவும் மூட்ட ஆயிப்பூடும்."

அவருக்குப் பெரிய கோயில்களுக்குள் போக வழியில்லை. விளக்குப் போடுகிறவளைக் கோயில் மதில் வரையில் தூக்கிப்போய், அங்கே அவளுடைய மனிதர்களிடம் இறக்கிவிட்டு, தெருக்கோடியில் வேப்பமரத்தடியில் காத்திருப்பார். உற்சவ காலத்தில் சுவாமியைத் தோளில் எழுந்தருளப் பண்ணுகிறவர்களை அங்கிருந்துதான் பார்த்திருக்கிறார். மனசுக்குக் கஷ்டமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"இருந்துது. இப்ப இல்ல," என்றார். "அவங்க தூக்கற சாமி பேசாது. சும்மா வரும், சும்மா போவும். என் சாமி பேசும். என்னத் திட்டும். குளுருதுன்னும். அவசரம் தாங்காம என் முதுவுலியே மூத்திரம் பேய்ஞ்சுட்டு, வெக்கத்துல அழும். குளத்துல எறங்கி அத்தக் குளிப்பாட்டிட்டு நானும் குளிப்பேன். இது எனிக்குப் போதும் சாமி." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எல்லோருக்கும் இது பிடித்துப்போயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. கெங்கம்மாள் ஆரம்பத்தில் வெடித்துக்கொண்டே இருந்தாள். "ஊர்ல கீறவங்கள எல்லாம் நீ தூக்கற. இந்த ஊட்ட யாரு தூக்கறது?" என்று என் எதிரிலேயே கேட்டிருக்கிறாள். அவர் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் கேட்டது நியாயம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் என்ன செய்வது என்பது தெரியவில்லை.

சூளையில் ஒருநாள் பச்சைக்கல் அடுக்குச் சரிந்து கெங்கம்மாளின் பாதத்தில் விழுந்தது. பாதம் நசுங்கிவிட்டது. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். சூளைக்கே ஓடிவந்த சின்னப்பையன் அவள் எதிரிலும் அதே போலத் திரும்பிக் குந்தினார். ஊரில் பாதிப்பேர் ஏறிய அந்த முதுகில் அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஏறினாள்.

மற்றதை அவளே எனக்குச் சொன்னாள்.

"பாரிவாக்கம் தாண்டற வரிக்கும் நான் ஒண்ணும் பேசல. வலி. அப்பறம் இன்னாமோ தெரில சாமி, வாய் தொறந்துகிச்சி. எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துது. காய்ச்சல்ல பூட்டுது. இவரு அன்னிக்கி கொட்டாயில கீறாரு, வேல அதிகம்னு வுடல. வரசொல்ல குழி மூடியாச்சி. அத்தப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசினதே இல்ல. எப்பிடிப் பேசறது? அவரு மூஞ்சியப் பாத்தா எனிக்கு வாய் வராது. முதுவுல மூஞ்சி இல்ல இல்ல? அன்னிக்கி சொல்லிட்டேன். மூச்சு நிக்கறதுக்கு முன்னால, நைனா வந்துடுச்சான்னு கேட்டுதுன்னு சொன்னேன். வந்துக்கினே கீதுன்னு நான் பொய் சொன்னேன்னும் சொன்னேன்."

அவர் நடுரோட்டில் நின்றுவிட்டாராம்.

"அழல. ஒரு வார்த்த பேசல. முதுவு மட்டும் நடுங்கிச்சி. மூஞ்சி மறைச்சுக்கும் சாமி, முதுவுக்கு மறைக்கத் தெரியாது. நான் அப்பிடியே கட்டிப் புடிச்சுக்கினேன். ரொம்ப நேரம் கழிச்சுதான் நடந்தாரு."

இப்போது அந்தப் பழஞ்சேலையைத் துவைத்து, காயவைத்து, மடித்துக் காலையில் அவர் கையில் கொடுக்கிறவள் கெங்கம்மாள்தான். நொண்டிக்கொண்டே வந்து கொடுக்கிறாள். அது அவளுடைய முகூர்த்தச் சேலை. இதை யார் எனக்குச் சொன்னார்கள் என்பதைச் சொல்லமாட்டேன்.

ஏறுகிறவர்கள் ஏன் அத்தனை பேசுகிறார்கள் என்பதும் அவள் சொன்ன அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அவரிடமே கேட்டேன்: இவ்வளவையும் கேட்டு எப்படித் தாங்குகிறீர்கள்?

"காதால கேட்டா தாங்காது சாமி. நான் முதுவாலதான் கேக்கறேன். அது எத்த வேணாலும் தாங்கும்."

சென்ற ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. பல வருஷங்களுக்குப் பிறகு அம்பத்தூர் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் மேல் வழிந்தது. மேனாம்பேட்டில் பெரிய குடித்தனக்காரர் உலகநாத முதலியார். ஏரி மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் வார்த்தைப்படிதான் நடந்துகொண்டிருந்தது. அவருக்குப் பாரிசவாயு வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாயும் கோணி, பேச்சுக் குழறலாகிவிட்டது. ஏரி நிரம்பிற்று என்று கேட்டதிலிருந்து பார்க்கவேண்டும் என்று பிடிவாதம். கரைமேல் ஒரே சேறு. வண்டி போகாது. நாலு ஆளை வைத்துக் கட்டிலில் தூக்கிப்போகிறோம் என்றான் மூத்த மகன் பரந்தாமன். கிழவர் இடது கையால் கட்டிலை அடித்தார். "நாலு பேர் தூக்கறதுக்கு... எனக்கு இன்னும் நேரம் வரல்லேடா. அந்தக் கரிக்காரனைக் கூப்பிடு."

ஆள் வந்து சொன்னபோது நான் சின்னப்பையன் வீட்டில் இருந்தேன். கெங்கம்மாளின் தம்பி துலுக்கானமும் இருந்தான். அவன் துள்ளி எழுந்தான்.

"மாமே, யாரு ஊட்டுக்குன்னு தெரிதா? ஒங்கப்பன தென்ன மரத்துல கட்டி வெச்ச ஆளு. தோள்ல துண்டு போட்டுக்கினு அவங்க தெருவுல போனாருன்னு கட்டி வெச்ச ஆளு. மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்பறம்? நம்ம முதுவு மட்டும் அவங்களுக்கு வேணும், நம்ம காலு அவங்க தெருவுல படக்கூடாது, அப்பிடித்தானே?"

சின்னப்பையன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் போகமாட்டார், போகக் கூடாது என்றே நானும் நினைத்தேன். 

"எங்கப்பன் கட்டுல நின்னத நான் பாத்தேன் மச்சான். அவுத்து வுட்டப்பறம் நடக்க முடியாம வுழுந்தாரு. நான் சின்னவன், தூக்க முடில. நடக்க முடியாதவன் எப்பிடி இருப்பான்னு அன்னிக்கிப் பாத்தேன். அத்த மறந்துட்டுப் போய்த் தூக்கறது லேசு. மறக்காம தூக்க முடியுதான்னு பாக்கறேன்." பிறகு குளிக்கப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். முதலியார் தெரு முனையில் பரந்தாமன் நின்றுகொண்டிருந்தான். "கொல்லைப்பக்கமா வா," என்றான்.

சின்னப்பையன் பணிவாகத்தான் சொன்னார். "கொல்லப்பக்கம் சந்து குறுகலுங்க. அவர முதுவுல வெச்சுக்கினு திரும்பினா செவுத்துல இடிக்கும். வாசப்பக்கம் வரேன். வேணாம்னா பூடறேன்."

சந்து குறுகல்தான், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவ்வளவு குறுகலா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. நாலு வீடு தள்ளித் திண்ணையில் படுத்திருந்த கிழவரின் குழறல் கேட்டது. "வாசல்லயே வரட்டும்டா!"

அந்தத் தெருவில் அவர் நடந்து போனார். தோளில் கெங்கம்மாளின் சேலை மடிப்பு இருந்தது. ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன.  வாசலில் போய், வழக்கம் போலத் திரும்பிக் குந்தினார். பிள்ளைகள் இருவரும் கிழவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்து, அந்த முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டார்கள். அப்பாவை அங்கே வைக்கப் பரந்தாமனுக்குக் கை வரவில்லை. சின்னப்பையன் அசையவில்லை, விரித்த கைகள் விரித்தபடி காத்திருந்தன. கிழவர்தான் பிள்ளையின் பிடியிலிருந்து தம் நல்ல கையை உருவிக்கொண்டு, முன்னால் சரிந்து, அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

'ஹும்' என்று எழுந்தார் சின்னப்பையன்.

ஏரிக்கரைச் சரிவில் ஏறும்போது கிழவரின் கோணல் வாய் அவர் காதோரத்தில் அசைவதைப் பார்த்தேன். நீளமாக ஏதோ சொன்னார். சின்னப்பையன் நின்றார்.  பிறகு தலையை ஒருமுறை அசைத்துவிட்டு மேலே நடந்தார். என்ன சொன்னார் என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டேன். "அது என் முதுவுக்குச் சொன்னது சாமி," என்று மட்டும் பதில் வருகிறது. துலுக்கானம் கேட்டபோதும் அதே பதில்தானாம்.

கரைமேல் ஏறியதும் ஏரி கண் கொள்ளாமல் விரிந்து கிடந்தது. காற்றில் அலை வந்து கல்லில் மோதிற்று. கிழவரை இறக்கி உட்காரவைத்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறார். சாய்ந்துகொள்ள அங்கே மரமும் இல்லை, சுவரும் இல்லை. பரந்தாமன் பிடித்துக்கொள்ள வந்தான். அவன் முழங்கால் அவர் கண்ணை மறைத்தது. "விலகுடா, தண்ணி தெரியல," என்றார் கிழவர்.

சின்னப்பையன் கிழவருக்குப் பின்னால் போய், முதுகோடு முதுகு ஒட்டி, காலை நீட்டிச் சேற்றிலேயே உட்கார்ந்தார். கிழவர் அந்த முதுகில் நிமிர்ந்து சாய்ந்தார். அவருக்கு எதிரே ஏரி. சின்னப்பையனுக்கு எதிரே வந்த வழியும் வண்டித்தடமும்தான். அந்த வருஷம் ஊரே பார்த்த தண்ணீரை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை.

"நான் திரும்பினா நீங்க சாஞ்சுடுவீங்க," என்றார். "இன்னா தெரிதுன்னு நீங்களே சொல்லுங்க."

கிழவர் சொல்ல ஆரம்பித்தார். குழறிக் குழறி, ஒவ்வொன்றாக. கலங்கல் வெள்ளையாக வழிகிறது. நடுவில் ஒரு கருவேல மரத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. அதில் நாரை உட்கார்ந்திருக்கிறது, இரண்டு, இல்லை, இன்னும் ஒன்று வருகிறது. "அப்பிடியா," என்றார் சின்னப்பையன் ஒவ்வொன்றுக்கும், கண்ணை மூடிக்கொண்டு. "அப்பறம்?"

பொழுது சாய்ந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கிய சூரியன் நேராகக் கிழவரின் முகத்தில் அடித்தது. கண் கூச, அவர் பேச்சை நிறுத்தினார்.

"வெயிலு மூஞ்சில படுதா நைனா?" என்று கேட்டார் சின்னப்பையன்.  பிள்ளைகள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னப்பையன் தம் வலது கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பின்னால் கொண்டுபோனார். கரி ஏறிய அந்த விரல்கள் காற்றில் துழாவின. கிழவரின் நெற்றியைத் தொட்டன. கண்ணுக்குமேல் ஒரு கூரையைப் போலக் கவிந்து நின்றன. கையை அவர் இறக்கவில்லை.